கருவியின் மௌனம் சாட்சியாகுமா?

மனிதனுக்கு நேரும் நோவுகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு சாட்சி உண்டு. காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்கும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படத்தில் பிளவு தெரியும். சோகை என்றால் கண்ணின் கீழிமையே வெளுத்துக் காட்டிவிடும். ஆனால் வெளியே யாதொரு சப்தமும் இல்லாத வேளையிலும் காதுக்குள் ரீங்காரமாகவோ, சீழ்க்கையாகவோ, ஆற்று வெள்ளத்தின் இரைச்சலாகவோ ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் வந்து முறையிட்டால், அவருடைய சொல்லைத் தவிர அதற்கு வேறு சாட்சி இல்லை. மருத்துவர் விளக்கை வைத்துக் காதைப் பார்க்கிறார். செவிப்பறை செம்மையாக இருக்கிறது. சப்தம் புகாத அறையில் உட்காரவைத்து, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லி, ஆடியோகிராம் என்னும் வரைபடத்தை எடுக்கிறார்கள். அதிலும் கோடு இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கிறது. “உங்கள் காதில் ஒன்றுமில்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்ற தீர்ப்புடன் நோயாளி வீடு திரும்புகிறார், இரைச்சலும் அவருடனேயே திரும்புகிறது.

இவ்விதம் தீர்ப்புக் கூறுகிற மருத்துவர் கருணையற்றவர் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட சாஸ்திரத்தின்படியே பேசுகிறார். அந்தச் சாஸ்திரமோ, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலியை ஒருவரால் கேட்க முடிகிறது என்பதையே செவியின் ஆரோக்கியத்துக்கு உரைகல்லாகக் கொண்டு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலமாக நடந்துவருகிறது. ஆனால் சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளில் செவியைப் பற்றி விஞ்ஞானம் கண்டு சொன்ன உண்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த உரைகல்லின் போதாமையையே வெளிப்படுத்தி வந்திருக்கின்றன. கருவிக்கு அகப்படாத குறையும் குறையே என்பதை ஆராய்ச்சிக்கூடம் ஒப்புக்கொண்டுவிட்டது; மருத்துவமனையும் சட்டமும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவை தாமதிக்கும் காலமெல்லாம் கோடிக்கணக்கான செவிகளுக்கு நஷ்டம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோடி என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. பல நாடுகளில் அதுகாறும் வெளியான கணக்கெடுப்புகளை ஒருங்கு தொகுத்து 2022-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வயது வந்தோரில் 100-க்கு 14 பேர் காது இரைச்சலை ஏதேனும் ஓர் அளவில் அனுபவிக்கிறார்கள் என்றும், உலகமெங்கும் அவர்கள் தொகை 74 கோடிக்கு மேல் என்றும், அவர்களுள் 12 கோடிக்கு மேற்பட்டோருக்கு அது வாழ்க்கையையே குலைக்கும் பெருந்துன்பமாக இருக்கிறது என்றும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதோ ஒரு படியில் செவித்திறன் குன்றியோர் ஏறக்குறைய 150 கோடிப் பேர். சிகிச்சையோ கருவியோ இன்றியமையாத நிலையில் இருப்போர் 43 கோடிப் பேர். 2050-ஆம் ஆண்டுக்குள் இவ்விரு தொகைகளும் முறையே 250 கோடியாகவும் 70 கோடியாகவும் பெருகக்கூடும் என்று அவ்வறிக்கை எச்சரிக்கிறது. இத்தொகைகளும் பெரும்பாலும் ஆடியோகிராமைக் கொண்டு கணக்கிட்டவையே. அந்த வரைபடத்துக்கு அகப்படாதவர்கள் இவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்நோவு புதியதன்று. 1801-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முப்பது வயதே நிரம்பியிருந்த பீத்தோவன், தம் இளமைத் தோழரும் வைத்தியருமான வேகலருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருப்பதையும், தாம் செவிடாகிவருவதைப் பிறரிடம் சொல்ல நாவெழாமல் கூட்டங்களையே தவிர்த்துவருவதையும் தெரிவித்தார். செக் நாட்டு இசைமேதை ஸ்மெத்தானா 1874-இல், தமது ஐம்பதாம் வயதில், சில மாதங்களுக்குள் இரு செவிகளின் கேள்வியையும் இழந்தவர். இரண்டாண்டு கழித்துத் தம் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அவர் இயற்றிய உருப்படியின் இறுதிப் பகுதியில், களிப்போடு ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென அறுபட, முதல் வயலினில் ஓர் உச்சஸ்தாயி ஸ்வரம் நீண்டு ஒலிக்கிறது. தம் செவிட்டுத்தன்மைக்குக் கட்டியங்கூறிய ரீங்காரமே அது என்று அவரே விளக்கியிருக்கிறார். மருத்துவம் பதிவு செய்ய இயலாத ஒன்றை ஒரு வயலின் பதிவு செய்தது.

நோயாளியின் சொல்லைப் பிரமாணமாக ஏற்றுக்கொண்ட வைத்தியர்களும் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. பாரிஸ் நகரில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த இட்டார் என்பவர், 1821-இல் செவி நோய்களைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில், காதுக்குள் கேட்கும் ஒலி எத்தன்மைத்து என்று நோயாளியையே நுணுகி விசாரித்து, அதற்கு ஒத்த புறவொலியால் அதனை மறைக்கும் உபாயத்தைக் கூறினார். பேரிரைச்சல் உடையவருக்குச் சுடர்விட்டு எரியும் கணப்பும், சீறல் ஒலி உடையவருக்கு ஈரவிறகு எரியும்போது எழும் சீறலும் அவருடைய மருந்துகள். கருவிகள் வந்த பிறகே, விசாரிப்பது குறைந்து அளப்பது மிகுந்தது.

செவியைப் பற்றிய நவீன அறிவுக்கு அடிகோலியவர் ஹங்கேரி நாட்டுப் பேகெஷி. புடாபெஸ்டில் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அவர், இறந்தவர்களின் உட்செவியிலிருந்து காக்ளியா என்னும் நத்தைச் சுருளை எடுத்து, பெருத்த ஒலியை அதனுள் செலுத்தி, அதன் உள்ளே நீண்டு கிடக்கும் மென்சவ்வில் அலையொன்று ஓடுவதைக் கண்ணாரக் கண்டார். கூர்மையான ஒலிக்கு அவ்வலை சுருளின் அடியிலும், கனத்த ஒலிக்கு அதன் நுனியிலும் உச்சம் அடைகிறது. எந்த ஒலி எந்த ஸ்தானத்தைச் சேர்ந்தது என்று மூளை அறிவதற்கு அதுவே ஆதாரம். 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, தகுதியுடையார்க்குக் கிடைத்த பரிசே. ஆனால் அவர் கண்டது உயிர் நீங்கிய செவி. அதைக் கொண்டு, ஒலியை வாங்கி நரம்புக்குக் கடத்துவதன்றித் தானாக ஒன்றும் செய்யாத ஜடக்கருவியே செவி என்ற அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது.

இதனை மறுத்துத் தாமஸ் கோல்டு என்னும் இளைஞர் கேம்பிரிட்ஜிலிருந்து 1948-இலேயே எழுதினார். பிற்காலத்தில் வானசாஸ்திரியாகப் புகழ்பெற்ற அவர், திரவத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு சவ்வு இத்தனை நுட்பமாக ஒலிகளைப் பகுத்தறிய வேண்டுமானால் உள்ளிருந்து ஏதோ ஒரு சக்தி அதை ஊக்கியாக வேண்டும் என்றும், அப்படியாயின் செவி தானே ஒலியை வெளியிடவும் கூடும் என்றும் வாதித்தார். முப்பது ஆண்டுகள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர், சிறு ஒலிவாங்கி ஒன்றைக் காதுத் துளையில் பொருத்தி, ஒரு சொடுக்கொலியை உள்ளே அனுப்பினார். சில மில்லி விநாடிகளுக்குப் பின் உட்செவியிலிருந்து ஓர் எதிரொலி புறப்பட்டு வந்தது. 1985-இல் வில்லியம் பிரௌனல் முதலியோர், காக்ளியாவின் வெளிவரிசை மயிரிழைச் செல்கள் மின்தூண்டலுக்கு நீண்டும் குறுகியும் அசைவதை உருப்பெருக்கியில் கண்டபோது, அந்த ஊக்க சக்தியின் இருப்பிடமும் தெரிந்தது. செவி ஜடமன்று, உழைக்கும் கருவி. கெம்ப் கண்ட எதிரொலியே இன்று பிறந்த குழந்தைகளின் செவியைச் சோதிக்கப் பயன்படும் ஓ.ஏ.ஈ. சோதனை.

அப்படியானால் காது இரைச்சல் என்பது செவி தானே எழுப்பும் இவ்வொலிதானோ என்ற நம்பிக்கை சில காலம் நிலவியது. சோதித்துப் பார்த்ததில், மிகச் சிலரிடத்தில் தவிர, இரண்டுக்கும் சம்பந்தம் காணவில்லை. சிலருக்கு வேறு காரணங்களால் செவி நரம்பையே அறுக்க நேர்ந்தபோது, அறுத்த பின்னும் பலரிடத்தில் இரைச்சல் நிற்கவில்லை, சிலரிடத்தில் மிகுந்துபோயிற்று. காதுக்கும் மூளைக்கும் இடையே உள்ள பாதையே துண்டிக்கப்பட்ட பிறகும் கேட்கும் ஒலி, மூளையிலன்றி வேறெங்கே பிறக்க முடியும்? அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் 1953-இல் வெளியிட்ட சோதனையும் இங்கே கருதத்தக்கது. காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சப்தம் புகாத அறையில் சிறிது நேரம் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று வினவியபோது, 100-க்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். பூரண நிசப்தத்தை மூளை ஒப்புவதில்லை என்று தெரிகிறது.

இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர் ஒப்பும் விளக்கம் இதுவே. காக்ளியாவிலிருந்து வரும் நரம்புச் செய்தி குறையும்போது, மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் உள்ள கேள்விக் கேந்திரங்கள் தம் கூருணர்வைக் கூட்டிக்கொள்கின்றன. வாய்க்காலில் நீர்வரத்துக் குறைந்ததும் மடையை அகலத் திறந்துவிடும் உழவன், வந்த கொஞ்ச நீரோடு வண்டலையும் சருகையும் சேர்த்தே தன் வயலில் பாயவிடுவதைப் போல, மூளை குறைந்த செய்தியைப் பெருக்கிக்கொள்ள முனையும்போது, எப்போதும் அடியில் இருந்துகொண்டிருக்கும் நரம்புகளின் இயற்கைச் சலசலப்பும் கூடவே பெருகி ஒலியாக உணரப்படுகிறது. ஆகவே இரைச்சல் பிரமையன்று. இழப்பு ஒன்றுக்கு மூளை செய்துகொண்ட பரிகாரத்தின் விளைவு. எல்லோருக்கும் இது ஒரே வகையில் நேர்கிறது என்றும், இவ்விளக்கம் ஒன்றே போதும் என்றும் கூறுவாரில்லை. கவனம், அச்சம், துயில் ஆகியவற்றை ஆளும் மூளைப்பகுதிகள் இதில் எவ்வாறு கலக்கின்றன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இங்கேதான் நம் வழக்கின் மையமான வினா எழுகிறது. இழப்பின்றி இரைச்சல் இல்லை என்றால், ஆடியோகிராம் செம்மையாக உள்ளவருக்கு இரைச்சல் வருவானேன்? அவர் இழந்தது யாது?

விடை 2009-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்திலிருந்து வந்தது. ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்னும் இருவர், சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். உடனே அவற்றின் கேள்வி மந்தமாயிற்று; இரண்டு வாரங்களில் முற்றும் மீண்டது. பழைய சாஸ்திரப்படி கேடு ஒன்றுமில்லை; மயிரிழைச் செல்களும் உதிரவில்லை. ஆனால் அச்செல்களும் செவி நரம்பின் இழைகளும் ஒன்றையொன்று தொடும் சூக்ஷ்மமான இணைப்புகளைச் சாயமேற்றி எண்ணிப் பார்த்தபோது, காக்ளியாவின் பாதிக்கப்பட்ட பகுதியில் ஏறக்குறைய பாதி இணைப்புகள் ஒரு நாளுக்குள்ளேயே அற்றுப்போயிருந்தன. இணைப்பை இழந்த நரம்புகள் அதன் பிறகு மாதக்கணக்கில் மெள்ள மெள்ள மடிந்தன. கேள்வி மீண்டது போலத் தோன்றிய செவி, உண்மையில் மீளாத ஊனம் அடைந்திருந்தது.

பாதி நரம்பிணைப்பு அற்ற செவி எவ்வாறு சோதனையில் தேறுகிறது என்று வியப்புண்டாகலாம். மனித காக்ளியாவின் உள்வரிசையில் மயிரிழைச் செல்கள் சுமார் 3,500. நரம்பிழைகளோ ஒரு காதுக்கு 30,000 அளவில் உள்ளன. அமைதியான அறையில் ஒரு மெல்லொலி இருக்கிறதா இல்லையா என்று அறிய அவற்றுள் ஒரு சிறு பகுதி போதும். மேலும், இரைச்சலால் முதலில் அறுபடுபவை, பெரிய ஒலிக்கு மட்டுமே விழித்தெழும் நரம்பிழைகள் என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. சந்தையிலும் கல்யாணப் பந்தலிலும் பிறர் பேச்சிலிருந்து நம் எதிரே இருப்பவர் பேச்சைப் பிரித்தறிய உதவுபவை அவையே என்று கருதப்படுகிறது. அமெரிக்காவில் சின்சில்லா என்னும் சிறு பிராணிகளை வைத்துச் செய்து 2013-இல் வெளியான சோதனையொன்றில், உள்வரிசைச் செல்களில் 100-க்கு 80 அழிந்த பின்னரும் அமைதியில் மெல்லொலி கேட்கும் திறன் பெரிதும் குன்றவில்லை. “காது கேட்கிறது, பேச்சுத்தான் புரியவில்லை” என்று முதியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த முறையீட்டுக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் என்ன வேண்டும்? 2011-இல் லண்டனில் ஷேட், மெக்கால்பைன் இருவரும், ஆடியோகிராம் செம்மையாக இருந்தும் காது இரைச்சல் உடையவர்களைச் சோதித்து, செவி நரம்பிலிருந்து எழும் முதல் மின்னலை அவர்களிடம் சிறுத்தும், மூளைத்தண்டின் மேற்பகுதியில் எழும் அலை சிறுக்காமலும் இருக்கக் கண்டார்கள். வரத்துக் குறைந்தது, மூளை அதைப் பெருக்கிக்கொண்டது. ‘மறைந்த செவிக்குறை’ என்ற பெயரும் அதற்கு அவர்களாலேயே வந்தது.

நடுநிலைமை தவறாமல் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுண்டெலியின் செவி மனிதச் செவியைவிட மென்மையானது; அதற்கு நேர்ந்தது அதே அளவு ஒலியில் நமக்கும் நேரும் என்று துணிய இடமில்லை. 2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களைச் சோதித்து, வாழ்நாளில் அதிக இரைச்சலுக்கு ஆளானவர்களிடம் அந்த முதல் மின்னலை சிறுத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை என்று எழுதினார்கள். உயிரோடு இருக்கும் மனிதனின் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்க்க வழியில்லை. இறந்தவர்களின் செவியெலும்பை ஆராய்ந்து, வயதேற ஏற மயிரிழைச் செல்களுக்கு முன்பே நரம்பிழைகள் குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். 2023-இல் பாஸ்டன் குழுவினர், நாட்பட்ட காது இரைச்சல் உடையவர்களிடம் நரம்பிழப்பின் அறிகுறிகளையும் மூளைத்தண்டின் மிகையூக்கத்தையும் மீண்டும் கண்டதாக வெளியிட்டனர். வழக்கு முடிந்துவிடவில்லை. ஆனால் முடியாத வழக்கில் சந்தேகத்தின் பலனை யாருக்கு அளிப்பது என்பதே கேள்வி. நாமோ அதை இரைச்சலுக்கு அளித்துவிட்டு, செவியைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைப் பாருங்கள். தொழிற்சாலை இரைச்சலுக்கு வரம்பு விதித்தவர்கள், ஒலியால் மந்தமான கேள்வி மறுநாள் மீண்டுவிட்டால் கேடில்லை என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டே அட்டவணை வகுத்தார்கள். அமெரிக்க விதி நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை அனுமதிக்கிறது. 100 டெசிபலை 2 மணி நேரம் அனுமதிக்கிறது. பாஸ்டன் சோதனையில் சுண்டெலிகளின் நரம்பிணைப்புகளைப் பாதியாக்கிய அளவும் காலமும் அவையே என்பதை யோசித்துப் பார்த்தல் வேண்டும். அதே நாட்டின் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலே தகும் என்றும், 100 டெசிபலில் 15 நிமிஷத்துக்கு மேல் இருக்கலாகாது என்றும் சிபாரிசு செய்து நெடுங்காலம் ஆகியும், சட்டம் அசையவில்லை. இந்தியத் தொழிற்சாலை விதிகளும் 90 டெசிபலிலேயே நிற்கின்றன.

1886-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்து, தபால்காரர்களுடன் அவர்களை ஒப்பிட்டார். அவரிடம் மின்கருவிகள் கிடையா; ஒரு கடியாரத்தின் ஓசையே அளவுகோல். ஆனால் அதோடு நிற்காமல், பொதுக்கூட்டத்தில் பேசுவோரின் பேச்சுக் கேட்கிறதா என்றும் அவர்களை வினவினார்; பெரும்பாலோர் சரிவரக் கேட்கவில்லை என்றனர். கடியாரத்தின் இடத்துக்கு நுட்பமான மின்கருவி வந்தது. கூட்டத்தில் பேச்சுக் கேட்கிறதா என்ற கேள்வி போயிற்று. நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைச் செவிக்குறை உடையவர் என்கிறது. உதவித் திட்டங்களுக்கு எங்கேனும் ஓர் எல்லை வகுத்தாக வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எல்லைக்கு இப்பால் துன்பமே இல்லை என்று அதிகாரிகளும் முதலாளிகளும் பொருள்கொள்வது முறையன்று. இரைச்சலால் நேரும் செவிக்கேடு தொழில்நோய் என்று சட்டத்தின் அட்டவணை ஏற்றுக்கொண்டிருந்தும், நெசவாலையிலும் கொல்லுப்பட்டறையிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் அதைக் கேட்டுப் பெறுவது அரிதாகவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பென வகுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விதி இருக்கிறது, ஆடி மாதத்திலும் தேர்தல் காலத்திலும் தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது காகிதத்தில் மட்டுமே இருப்பது விளங்கும்.

சிகிச்சையின் நிலை என்ன? காது இரைச்சலைத் தீர்க்கும் மாத்திரை இன்றுவரை ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் சொட்டு மருந்துகளையும் சூரணங்களையும் நம்பிப் பணத்தை இழக்கலாகாது. இரைச்சலின் உரப்பைக் குறைக்க இயலாவிட்டாலும் அது வாழ்க்கையை வருத்தும் வேகத்தைக் குறைக்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் 492 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான பரீட்சையில், எண்ணப் போக்கைச் சீர்செய்யும் மனோதத்துவப் பயிற்சியோடு கூடிய சிகிச்சை, வழக்கமான சிகிச்சையைவிட மேலான பலனைத் தந்தது. கேள்வி குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி பல வேளைகளில் இரைச்சலையும் தணிக்கிறது. புகழ்பெற்ற ‘மறுபயிற்சி’ச் சிகிச்சையோ, 2019-இல் வெளியான கண்டிப்பான பரீட்சையில் சாதாரணச் சிகிச்சையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. தாடையை இறுகக் கடித்தால் இரைச்சல் மாறுகிறது என்று நோயாளிகள் பலர் சொல்லிவந்த அனுபவம், முகம், கழுத்து இவற்றின் தொடுவுணர்வு நரம்புகளும் செவி நரம்பும் மூளைத்தண்டின் முதல் நிலையத்திலேயே கூடுகின்றன என்ற உண்மையோடு பொருந்தியது. அதைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழுவினர், ஒலியையும் மெல்லிய மின்துடிப்பையும் காலம் பிசகாமல் இணைத்து அளிக்கும் முறையை அமைத்து, 99 பேரிடம் பரீட்சித்து 2023-இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளியின் சொல் இங்கே ஆராய்ச்சிக்கே வழிகாட்டியாயிற்று.

இரண்டு பரீட்சைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று. உட்செவியில் புதிய மயிரிழைச் செல்களை முளைப்பிக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட அமெரிக்க மருந்து ஒன்று 2023-இல் பரீட்சையில் தோற்றது. பல்வேறு காரணங்களால் கேள்வி குன்றியவர்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் ஷாங்காய் நகரத்து மருத்துவர்கள், ஓட்டோஃபெர்லின் என்னும் ஒரே ஒரு ஜீனின் குறையால் பிறவிச் செவிடாயிருந்த 6 குழந்தைகளுக்கு, அந்த ஜீனை இரு கூறாக்கி இரு வைரஸ்களில் ஏற்றி உட்செவியில் செலுத்தி, 5 குழந்தைகளுக்குக் கேள்வி வந்ததென்று அறிவித்தார்கள். குறையின் ஸ்தானம் துல்லியமாகத் தெரிந்த இடத்தில் பலன் கிடைத்தது. இக்குழந்தைகளின் நோயில் நம் வாதத்துக்கு மற்றொரு சான்றும் இருக்கிறது. அவர்களுடைய வெளிவரிசைச் செல்கள் உழைக்கின்றன, ஆகவே ஓ.ஏ.ஈ. சோதனையில் எதிரொலி வருகிறது. “குழந்தைக்குக் காது நன்றாயிருக்கிறது” என்று அனுப்பிவிடுகிறார்கள். நரம்பின் மின்னலையைப் பார்க்கும் பெரா சோதனை செய்தால்தான் உண்மை வெளிப்படும். பழைய கொள்கையை உடைத்தெறிந்து பிறந்த கெம்பின் கருவியுங்கூட, அது ஒன்றே நீதிபதி என்று அமர்த்தப்பட்டால், அநீதிக்கு உடந்தையாகிவிடுகிறது.

ஆகவே செய்யத்தக்கவை வெகு தூரத்தில் இல்லை. நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆடியோகிராம் எடுக்கும் இடமெல்லாம், பின்னணி இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையையும் நோயாளியின் தாய்மொழியிலேயே நடத்தலாம். தமிழுக்குரிய சொற்பட்டியல்களைத் தரப்படுத்தி மாவட்ட மருத்துவமனைகளுக்கு வழங்குவது சர்க்காரால் ஆகாத காரியமன்று. தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தைகளுக்கும், குடும்பத்தில் செவிடு உள்ளவர்களின் குழந்தைகளுக்கும் பெரா சோதனையைத் தவறாமல் செய்யலாம். தொழிற்சாலை வரம்பை 85 டெசிபலுக்குக் குறைத்து, காதடைப்பான் கொடுப்பதோடு நில்லாமல் இயந்திரத்தின் இரைச்சலையே குறைக்கும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தலாம். கச்சேரிக்கோ திருவிழாவுக்கோ போய்வந்த மறுநாள் காது அடைத்து இரைந்தால், அது தானே தெளிந்துவிட்டது என்பதற்காக ஒன்றும் நேரவில்லை என்று எண்ணலாகாது என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. காது இரைகிறது என்று வந்து நிற்பவரிடம் “ஒன்றுமில்லை” என்று கூறும் வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டும். “எங்கள் கருவியில் தெரியவில்லை, ஆனால் நீங்கள் சொல்வது மெய்யாக இருக்கக்கூடும்” என்று சொல்வதற்கு இன்று விஞ்ஞானத்தின் முழு அனுமதி இருக்கிறது. அளக்க முடிந்ததை மட்டும் உண்மையென்று கொள்வது விஞ்ஞானத்தின் சோம்பல். அளக்க முடியாததை அளக்கக் கருவி தேடுவதே அதன் தர்மம். அந்தத் தேட்டத்துக்கு முதற்சாட்சியாக நிற்பவர் நோயாளியே. அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்; கேளாமலே தள்ளிவிடும் உரிமை எந்த மருத்துவருக்கும், எந்தச் சட்டத்துக்கும் கிடையாது.